பாங்குக்கு நடுவே ஒரு மூச்சு

மூச்சு குறைகிறது என்பது எனக்குப் பாங்கு சொல்லும்போதுதான் தெரிந்தது.

லிங்கி ஆற்றுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில், எங்கள் ஆட்கள் கட்டிய ஒரு சின்ன சூராவ் இருக்கிறது. பள்ளிவாசல் என்று சொல்லும் அளவுக்குப் பெரியதில்லை. தொழ ஓர் அறை, வெளியே வரிசையாகக் குழாய்கள், கூரைமேல் ஒலிபெருக்கி. அங்கே நின்று தொழுகைக்கு அழைக்கும் வேலையை நான் வாலிபத்திலிருந்தே பார்த்து வந்தேன். மலாய்க்காரர்கள் பிலால் என்பார்கள், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மோதினார் என்பார்கள். பிழைப்பு வேறு. பெரிய சாலையோரத்தில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. காலையில் ரொட்டி, மத்தியானம் சோறு, சாயங்காலம் மீ கோரிங் என்ற வறுத்த நூடுல்ஸ். வேளை வந்ததும் கல்லாவை என் மனைவி ரஹ்மத்திடம் விட்டுவிட்டு சூராவுக்கு நடப்பேன்.

"அல்லாஹு அக்பர்" என்பதை இரண்டு முறை சேர்த்து ஒரே மூச்சில் இழுத்துச் சொல்வது வழக்கம். ஒருநாள் அஸர் என்கிற பிற்பகல் தொழுகை நேரத்தில் இரண்டாவதை முடிப்பதற்குள் காற்று தீர்ந்துவிட்டது. மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி இருக்கும் என்று காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அப்படி ஒரு தடுமாற்றம். எப்படியோ சமாளித்தேன். சளி என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் அதே இடத்தில் காற்று தீர்ந்தது. அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே தீர ஆரம்பித்தது.

சின்ன வயதிலிருந்தே எனக்கு இழுப்பு உண்டு. மழைக்காலத்தில் நெஞ்சுக்குள் விசில் ஊதும். அதற்கு கிளினிக்கில் கொடுத்த நீல நிற பம்பு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இரண்டு முறை அடித்தால் அடங்கிவிடும். அதனால் அதை நான் ஒரு நோயாகவே எண்ணியதில்லை, கண்ணாடி போட்டுக்கொள்வதுபோல ஒரு பழக்கம். ஆனால் விறகு அடுப்புக் காலத்திலிருந்து கடைப் புகையில் நிற்பவன் நான். மிளகாய் சட்டியில் விழும்போது கிளம்பும் நெடி எத்தனை வருஷம் உள்ளே போயிருக்குமோ. வாலிபத்தில் சிகரெட்டும் பிடித்திருக்கிறேன். மகள் சபீனா பிறந்தபோது விட்டேன்.

சபீனாதான் பிடிவாதமாக என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அவள் நீலாயில் பள்ளிக்கூட ஆசிரியை, லீவு நாளில் வந்தவள் நான் கடைக்கும் சூராவுக்கும் நடுவில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து மூக்கில் கிளிப் மாட்டினார்கள். வாயில் ஒரு குழலை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, உள்ளே ஒன்றும் மிச்சம் இல்லாமல் வேகமாக ஊதச் சொன்னார்கள். பாங்கு சொல்கிறவன் ஊத மாட்டேனா என்று தெம்பாகத்தான் ஆரம்பித்தேன். அந்தப் பெண் இன்னும், இன்னும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்ன வெளிச்சங்கள் மிதந்தன. திரையில் கோடு கொஞ்சம் ஏறி, பிறகு சோம்பேறித்தனமாகப் படுத்துக்கொண்டது.

டாக்டர் மேனகா நம் தமிழ்ப் பெண், சபீனா வயதுதான் இருக்கும். அங்கிள் என்று கூப்பிட்டு நிதானமாக விளக்கினார். எனக்கு இருப்பது இரண்டு நோய். ஒன்று ஆஸ்துமா: மூச்சுக்குழாய் வீங்கி இறுகும், மருந்து போனால் மறுபடி தளரும். இன்னொன்று நாள்பட்ட நுரையீரல் நோய்: புகை பட்டுப் பட்டு உள்ளே தேய்ந்துபோனது, அப்படித் தேய்ந்தது இனி பழையபடி ஆகாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். நீல பம்பு இறுக்கத்தை அந்த நேரத்துக்குத் தளர்த்துமே தவிர வீக்கத்தைத் தொடாது. அதனால் இனி காலையும் மாலையும் வேறொன்று எடுக்கவேண்டும். அது ஊதா நிறத்தில் உள்ளங்கை அளவு வட்டமாக இருந்தது. உள்ளே பொடி. அதில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கிறது என்றார். ஒன்று குழாயைப் பல மணி நேரம் திறந்து வைக்கும். மற்றொன்று ஸ்டீராய்டு, வீக்கத்தை மெல்ல மெல்ல வற்றவைக்கும். மூச்சு நன்றாக இருக்கிற நாளிலும் நிறுத்தக் கூடாது என்று சொன்னார். மருந்து கொடுக்கும் ஜன்னலிலும் மலாயில் ஏதோ சொன்னார்கள். பின்னால் நம்பர் கூப்பிடும் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

முதலில் எல்லாம் அற்புதமாக இருந்தது. தலையணையை அடுக்காமல் படுத்துத் தூங்கினேன். விடியற்காலையில் ஆற்றிலிருந்து பனிப்புகை எழுந்து செம்பனை வரிசைகளுக்குள் நுழையும், அந்த நேரத்தில் சூராவுக்கு நடப்பது மறுபடி சுகமாக இருந்தது. தரையில் கால் படுகிற சத்தமே கேட்காது. காற்று தானாக உள்ளே வந்து தானாக வெளியே போனது. இத்தனை வருஷம் நான் கதவைத் தள்ளித் தள்ளித் திறந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

பிறகு குரல் கம்மியது.

முதலில் விடியற்காலையில் மட்டும். அப்புறம் எந்நேரமும். மேல் சுருதிக்குப் போனால் சத்தம் இரண்டாகப் பிளந்து நடுவில் வெறும் காற்று வந்தது. நாக்கில் வெள்ளையாக ஏதோ படிந்தது, தே தாரிக் என்கிற ஆற்றிய தேத்தண்ணீரைக் குடித்தால் ருசி தெரியவில்லை. சூராவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, ரஹ்மத்தின் தம்பி நசீர், கொஞ்ச நாளைக்குத் தான் பாங்கு சொல்லட்டுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். நசீர் அக்காவுக்கு வெகுகாலம் பிறகு இங்கே வந்து பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். நல்ல மனுஷன். குரல் மட்டும் மலையேறுகிற லாரி மாதிரி இருக்கும். அவனே முன்வந்தான் என்றால் என் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஊதா வட்டுதான் தொண்டையை அரிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் காலை அதைக் கையில் வைத்துக்கொண்டு ரஹ்மத்திடம் சொன்னேன், இதை நிறுத்தப் போகிறேன், நீல பம்பே போதும். டாக்டர் நிறுத்தக் கூடாது என்றாரே என்று அவள் கேட்டாள். குரல் போய்விட்டால் என்ன செய்வது என்றேன். அவள் வெங்காயம் உரித்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி அவள் இங்கே வந்த புதிதில், மலாய் தெரியாமல், யாரையும் தெரியாமல் வீட்டுக்குள் இருந்தபோது, சூராவிலிருந்து வந்த என் குரல் ஒன்றுதான் அவளுக்குப் பழக்கமான சத்தமாக இருந்தது. அது எனக்கும் தெரியும். உங்க இஷ்டம் என்று மட்டும் சொன்னாள்.

நினைத்த மாதிரியே குரல் திரும்பியது. நாக்கு சுத்தமானது. நசீர் சந்தோஷமாக மைக்கைத் திருப்பித் தந்தான். சில வாரங்கள் எல்லாம் பழையபடி நடந்தது. நீல பம்பு மட்டும் அடிக்கடி தேவைப்பட்டது. ஒன்று தீர்ந்து அடுத்தது வாங்குவதற்கு இடையிலான காலம் சுருங்கிக்கொண்டே வந்தது. அதை நான் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்தேன், ஆனால் பாங்கு நன்றாக இருந்தது.

அப்புறம் புகைமூட்டக் காலம் வந்தது. எங்கோ காடு எரிந்து வருகிற அந்தப் புகை தோட்டத்துக்குமேல் பழுப்பாக நின்றது. சூரியன் ஆரஞ்சுப் பழம்போல வெறுங்கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது. கூடவே எனக்குச் சளி பிடித்தது. ஒரு மத்தியானம், கடையில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தேத்தண்ணீர் ஆற்றுவதற்காகக் கையை உயர்த்தினேன். உயர்த்திய கை அப்படியே நின்றுவிட்டது. நீல பம்பை அடித்தேன், அடித்தேன், ஒன்றும் உள்ளே போகவில்லை. ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவதுபோல இருந்தது, அந்த ஸ்ட்ராவையும் யாரோ மெல்லக் கிள்ளி நசுக்குவதுபோல. கோப்பை விழுந்து உடைந்தது எனக்குக் கேட்கவில்லை, ரஹ்மத் பிறகு சொல்லித்தான் தெரியும்.

நசீரின் வேனில்தான் கொண்டுபோனார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற தாழ்ந்த சீட்டில் நான் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன், ரஹ்மத் என் முதுகில் உள்ளங்கையை வைத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகத் திறந்து மூடின. வேன் ஓடுகிற மாதிரியே தெரியவில்லை. மரங்கள்தான் அமைதியாக எங்களைக் கடந்து எங்கோ போய்க்கொண்டிருந்தன.

அவசரப் பிரிவில் மூச்சுத்திணறல்காரர்களுக்கென்று ஓரிடம் இருக்கிறது. அங்கே நம் ஆட்கள் காஸ் வைப்பது என்று சொல்வதைச் செய்தார்கள். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாகத் தருவது. அந்த இயந்திரத்தின் சத்தம் தகரக் கூரையில் விழும் மழையைப்போல இருந்தது. கையில் ஊசி குத்தினார்கள், மணிக்கட்டில் ஆழமாக இன்னொரு ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். அது வலித்தது. அதற்குப் பிறகு வலி இல்லை. ஒரு தூக்கம் வந்தது.

அந்தத் தூக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான தூக்கத்தை நான் அறிந்ததில்லை. வெதுவெதுப்பான ஆற்றுத் தண்ணீரில் மல்லாந்து மிதப்பதுபோல. கரையில் ஆட்கள் நடமாடுகிறார்கள், அவர்கள் என் ஆட்கள்தான், ஆனால் எனக்கு அவசரம் இல்லை. மூச்சு விடவேண்டிய கடமையே கழன்று விழுந்துவிட்டது. யாரோ என் தோளைத் தட்டி, கண்ணைத் திறங்க அங்கிள், கண்ணைத் திறங்க என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

ரஹ்மத்தை ஓரமாக அழைத்து டாக்டர் மேனகா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வெளியே போகவேண்டிய கெட்ட காற்று போகாமல் ரத்தத்தில் தேங்குகிறது, அது தேங்கத் தேங்க மனிதன் மயங்குவான், இவர் தூங்குவது களைப்பினால் அல்ல. முகத்தில் இறுக்கமான ஒரு முகமூடி கட்டி இயந்திரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளிப் பார்க்கிறோம். அதற்கும் சரிவராவிட்டால் தொண்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடவேண்டி வரும் என்றிருக்கிறார்.

ரஹ்மத் கேட்டாளாம்: "டியூப் போட்டா அவர் குரல் என்னாகும், டாக்டர்?"

"ஆன்ட்டி, இப்ப குரலப் பத்தி நெனைக்க வேணாம். அவர் இருக்கணும், அதுதான் முக்கியம்."

"அவர் இருக்கணும். எனக்கு அது போதும். அவருக்குத்தான் போதுமான்னு தெரியல," என்று இவள் சொன்னாளாம். சொல்லிவிட்டு, கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டாளாம்.

டியூப் போடவேண்டி வரவில்லை. முகமூடிதான் காப்பாற்றியது. ஆனால் அதோடு இருந்த பொழுது சுலபமாக இருக்கவில்லை. ஓடுகிற காடியின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் முகத்தில் காற்று அடைக்குமே, அதுபோல மூச்சுக்கு மூச்சு. எதிர்த்தால் திணறும். அதன் தாளத்துக்கு விட்டுக்கொடுத்தால் மார்பு தானாக எழும், தானாகத் தாழும். விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொண்டபின் நான் எங்கெங்கோ போனேன். கடைக்குப் போனேன், அங்கே மேசையெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருந்தது, ஆட்கள் வழக்கம்போல ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றோரம் நடந்தேன், என் உம்மா கரையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், காய்ந்த துணிகள் என்னைவிட நன்றாக மூச்சு விட்டன. விழிக்கும்போதெல்லாம் ரஹ்மத்தின் முகம் பக்கத்தில் இருந்தது. அல்லது அவள் முகம் இருந்ததால்தான் விழித்தேனோ என்னவோ.

வார்டுக்கு மாற்றியபின் நாட்கள் பஞ்சுபோல ஆயின. மூக்கில் மெல்லிய ஆக்சிஜன் குழாய். அதிகம் வைத்தால் நல்லது என்று நினைத்து நசீர் ஒருநாள் திருகைத் தொடப்போக, மிஸ்ஸி என்று நாங்கள் சொல்லும் நர்ஸ் ஓடிவந்து தடுத்தாள். எனக்கு இருக்கிற நோய்க்கு ஆக்சிஜன் அளவுக்கு மீறினாலும் அந்த மயக்கம் திரும்ப வருமாம். நெஞ்சில் தடவ ரஹ்மத் தைலம் கொண்டுவந்திருந்தாள். ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய் எதுவும் கூடாது என்று அதையும் வாங்கி வைத்துவிட்டார்கள். தைலம் இல்லாத வெறுங்கையால் அவள் என் முதுகைத் தடவினாள். அது போதுமாகத்தான் இருந்தது. சபீனா பள்ளி முடிந்ததும் நீலாயிலிருந்து வந்து, தன் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளை என் கால்மாட்டில் வைத்துத் திருத்துவாள். திருத்துகிற பேனாவின் சத்தத்தில் நான் தூங்கிப்போவேன். அது நல்ல தூக்கம். வித்தியாசம் எனக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது.

நசீர் தினமும் தான் சொன்ன பாங்கை போனில் பதிவு செய்து அனுப்புவான். எங்கே தப்பு என்று சொல்லுங்க மச்சான் என்று கீழே ஒரு குரல் செய்தியும் வரும். முதல் நாள் கேட்டபோது சிரிப்பு வந்து இருமல் பிடித்துக்கொண்டது. அப்புறம் கண்ணை மூடிக் கேட்டேன். பின்னால் ஆற்றங்கரைப் பறவைகளின் சத்தம் இருந்தது, யாரோ குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் இருந்தது. பாங்கு கேட்கிறவர்கள் அதன் வாசகங்களை மெதுவாகத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது எங்கள் வழக்கம். இத்தனை காலம் சொல்கிறவனாக இருந்ததால் நான் அநேகமாகத் திருப்பிச் சொன்னதே இல்லை. படுத்தபடி, உதடு மட்டும் அசைய, லாரிக் குரலுக்கு நான் பதில் சொன்னேன். தப்பு ஒன்றும் இல்லை என்று நசீருக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன்.

பக்கத்துக் கட்டிலில் மாணிக்கம் என்று ஒருவர் இருந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் நுரையீரல் நோய்தான். மெலிந்து, தோளெலும்பு இரண்டும் காதை நோக்கி ஏறி நிற்கும். பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி, உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஊதுவதுபோல மெல்ல ஊதுவார். அப்படிச் செய்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும் என்று எனக்கும் காட்டிக்கொடுத்தார். நான் எந்த ஊர், என்ன செய்கிறேன் என்று விசாரித்தார். சூராவில் பாங்கு சொல்கிறவன் என்றதும் என்னையே பார்த்தார்.

"அந்தச் சத்தம் நீங்கதானா, பாய்?" என்றார். ஊதினார். "உங்க சத்தத்துலதான் நான் பெரட்டுக்கு எந்திரிப்பேன். கடியாரம் வாங்கவே இல்ல."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிவதற்குள் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. இவர் மண்டோர், எல்லாருக்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டியவர். ஆற்றின் மேல் பனி நிற்கும்போது என் குரல் தண்ணீரில் சறுக்கிக்கொண்டு வருவதுபோல வரும் என்றார். முகம் பார்த்ததில்லை, பேர் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொள்வாராம், வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும். நடுவில் கொஞ்ச நாள் வேறு குரல் வந்தது, அப்புறம் பழைய குரல் வந்தது, மறுபடியும் வேறு குரல்.

"போயிட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

 குரலுக்காக மருந்தை நிறுத்திய கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. கூரை விசிறியைப் பார்த்தபடி வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி லாபுவில் மகள் வீட்டில் இருக்கப் போவதாகச் சொன்னார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் அங்கே வாங்கி வைத்திருக்கிறார்கள். லாபு எத்தனை தூரம் என்று எனக்குள் கணக்கு ஓடியது. எந்தப் பனியிலும் என் குரல் அங்கே போய்ச் சேராது. போன் நம்பர் வாங்கிக்கொண்டு போனார். இதுவரை கூப்பிடவில்லை.

எனக்கு மருந்து முறையைச் சொல்லித்தர அஸ்லினா என்ற மலாய்க்காரப் பெண் வந்தார். மருந்தகத்தில் வேலை செய்பவர். முதலில் ஊதா வட்டை எப்படி எடுத்தீர்கள், காட்டுங்கள் என்றார். காட்டினேன். அவர் முகம் மாறாமல் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். வாயில் வைப்பதற்குமுன் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிடவேண்டும், வட்டுக்குள் ஊதக் கூடாது. அப்புறம் பலமாக இழுத்து, உள்ளேயே கொஞ்ச நேரம் பிடித்து வைக்கவேண்டும். நான் லேசாக உறிஞ்சியதில் பொடியில் பாதி தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டது. கடைசியாக, எடுத்தபின் வாயைக் கொப்பளித்தீர்களா என்று கேட்டார்.

இல்லை. சூராவிலிருந்து வந்து, மருந்தை இழுத்து, மேலே ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கடையைத் திறப்பேன். அந்த ஸ்டீராய்டு தொண்டையில் தங்கினால் குரல் கம்மும், வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படியும் என்று அவர் சொன்னபோது, ஜன்னலில் காதில் விழாத பாதி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. வந்தாலும் மருந்தை நிறுத்தாமல் இங்கே வந்து சொல்லவேண்டும், வேறு வழி இருக்கிறது என்றார். எனக்கு அதே இரட்டை மருந்தை வேறு வடிவில் மாற்றிக் கொடுத்தார்கள். அமுக்கினால் பீய்ச்சுகிற பம்பு. அதை ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் குடுவையின் பின்னால் செருகி, முன்பக்கம் வாயை வைத்து நிதானமாக இழுக்கவேண்டும். பெரிய துளிகள் குடுவைச் சுவரில் தங்கிவிடும், மெல்லிய பனிதான் உள்ளே போகும், தொண்டைக்குத் தொல்லை குறையும்.

நான் பிலால் என்று ரஹ்மத் சொன்னதும் அஸ்லினா கொஞ்சம் யோசித்தார். பிறகு, மலாயில் மாமா என்பதுபோல பாக்சிக் என்று கூப்பிட்டு, மருந்தை எடுத்துவிட்டு அப்புறம் ஒளு செய்யுங்களேன் என்றார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதைத்தான் ஒளு என்கிறோம். அதில் மூன்று முறை வாய் கொப்பளிப்பதும் உண்டு. நான் இத்தனை நாளும் ஒளு செய்து, தொழுது, எல்லாம் முடிந்தபின் மருந்தை எடுத்திருக்கிறேன். வரிசையை மாற்றினால் போதும். ரஹ்மத் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் எங்களைப் பயமுறுத்தவில்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது. கடை மூடிக் கிடந்தது. நான் இனி அடுப்புப் பக்கம் நிற்கக் கூடாது என்று டாக்டர் மேனகா தெளிவாகச் சொல்லிவிட்டார். சட்டி பிடிக்க ஒரு ஆளைச் சேர்த்தோம், நான் கல்லாவில் உட்கார்ந்தேன். மீ கோரிங் ருசி மாறிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே சாப்பிடவும் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின் பல வாரங்கள் நான் பாங்கு சொல்லவில்லை. எங்கள் வீடு சூராவுக்குப் பின்னால்தான். காலையில் குடுவை வழியாக மருந்தை இழுப்பேன், பிடித்து வைப்பேன், விடுவேன். குழாயடியில் கொப்பளிக்கும்போது நசீரின் குரல் தலைக்குமேல் முழங்கும். நான் முணுமுணுத்துப் பதில் சொல்வேன். மூச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. பழைய அளவுக்கு வரவில்லை, வராது என்றும் தெரியும். சோதனை அறையில் மறுபடி ஊதியபோது கோடு முன்னைவிடக் கொஞ்சம் மேலே போய் நின்றது. குரல் இந்த முறை கம்மவில்லை. கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான். அது மருந்தினாலா, வயதினாலா, அந்த முகமூடியினாலா என்று கேட்டேன். டாக்டர் மேனகா எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும் என்றார்.

ஒரு மாலை, மஃரிப் வேளைக்கு, நசீர் மைக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு விலகி நின்றான். நான் கேட்கவில்லை.  வெளியே செம்பனை மட்டைகளின் ஓரம் சிவந்திருந்தது. மழை பெய்து புகைமூட்டமெல்லாம் கழுவிப்போயிருந்தது. காதில் விரலை வைத்தேன். முதல் வாசகத்தை இரட்டையாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். தாழ்ந்த சுருதியில் பிடித்ததால் ஓடியது. நடுவில் ஓரிடம். ஒரு வாசகம் முடிந்தது, அடுத்ததற்கு இழுக்கிறேன், உள்ளே போகவில்லை. முன்பென்றால் முக்கித் தள்ளியிருப்பேன். விரலைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன். உதட்டைக் குவித்து, தேநீரை ஊதுவதுபோல மெல்ல ஊதினேன். ஒலிபெருக்கியில் அந்தக் காற்றுச் சத்தம்கூடக் கேட்டிருக்கும். தொழ வந்தவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நசீர் ஒரு அடி எடுத்து வைத்தான், பிறகு நின்றுவிட்டான். காற்று வந்தது. அடுத்த வாசகத்தைச் சொன்னேன். அதற்கடுத்ததையும் சொன்னேன். முடித்தேன்.

தொழுகை முடிந்து வீட்டுக்கு நடந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. ரஹ்மத் பின்வாசல் கதவில் சாய்ந்து நின்றாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை. கேட்டதா என்றேன்.

"கேட்டுச்சு," என்றாள். "நடுவுல நிறுத்துனீங்கள்ல. நானும் மூச்சப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். நீங்க விட்டதுக்கப்புறந்தான் விட்டேன்."

நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இருவரும் சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.